தாமதமாகப் பணி நியமனம் பெற்ற அரசு ஊழியர்களின் பணிமூப்பும் ஊதியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் ஆட்சியர் அலுவலகத்திலும், வட்டாட்சியர் அலுவலகங்களிலும், வட்டாரக் கல்வி அலுவலகங்களிலும், ஏற்காட்டு மலைப் பள்ளிகளிலும் பணியாற்றுகிறவர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் ஐயங்களையே இங்கே தொகுத்திருக்கிறேன். தேர்வில் வென்றும், வழக்கின் தடையாணை, சான்றிதழ் சரிபார்ப்பில் நேர்ந்த பிழை, விடைத்தாள் மதிப்பீட்டுத் தகராறு, நன்னடத்தை அறிக்கை வருவதில் சுணக்கம் போன்ற காரணங்களால் உடன் தேர்வானவர்களுக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவர்களுக்காக இது எழுதப்பட்டது. எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னரும் உள்ளன.

என்னோடு தேர்வானவர்கள் எட்டு மாதம் முன்பே சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பணிமூப்பு நான் சேர்ந்த தேதியிலிருந்துதானே?

நேரடி நியமனத்தில் அப்படி இல்லை. தமிழ்நாடு மாநில, சார்நிலைப் பணிகளுக்கான பொது விதிகளின் 35-ஆம் விதி, தேர்வாணையமோ நியமன அலுவலரோ வெளியிட்ட தேர்ந்தோர் பட்டியலில் ஒருவர் பெற்ற இடத்தைக் கொண்டே அவருடைய மூப்பைத் தீர்மானித்தது. பணியில் சேர்ந்த நாள் அதற்கு அளவுகோல் அல்ல. பட்டியலில் 40-ஆம் இடத்தில் இருப்பவர் 55-ஆம் இடத்தில் இருப்பவருக்குப் பின் சேர்ந்தாலும், ஒரே தேர்வு, ஒரே பதவி, ஒரே அலகு (தனி மூப்புப் பட்டியல் உள்ள மாவட்டம் போன்ற பிரிவு) என்றால் 40-ஆம் இடத்தவரே மூத்தவர்.

பல அலுவலகங்களில் முதுநிலைப் பட்டியலைத் தயாரிக்கும்போது பணிப்பதிவேட்டில் கண்ணுக்கு முதலில் படுவது சேர்ந்த தேதியாக இருப்பதால், அதையே வைத்து வரிசைப்படுத்திவிடுகிறார்கள். வரைவுப் பட்டியல் சுற்றுக்கு வரும்போது படிக்காமல் கையொப்பம் இடுவது பின்னாளில் பெரும் தொல்லையாக முடியும்.

மூப்பு கிடைத்துவிட்டால் சம்பளமும் அரியரும் தானாகவே வந்துவிடும் அல்லவா?

வராது. மூப்பு, ஊதிய நிர்ணயம், நிலுவை ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிக் கோரிக்கைகள். மூப்பு என்பது பட்டியலில் உள்ள இடம். ஊதிய நிர்ணயம் என்பது, உடன் தேர்வானவர் சேர்ந்த நாளில் நீங்களும் சேர்ந்ததாகக் கருதி, அதன்படி இன்றைய அடிப்படை ஊதியத்தைக் கணக்கிடுவது. அலுவலகங்களில் நோஷனல், அதாவது கருத்தியல், என்று சொல்லப்படுவது இதுதான். நிலுவை என்பது இடைப்பட்ட காலத்துக்கான பணத்தைக் கையில் பெறுவது.

இவற்றுள் முதலாவது கிடைப்பது ஓரளவு எளிது, இரண்டாவது அதைவிடக் கடினம், மூன்றாவது அரிது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து ‘அனைத்துப் பணப்பலன்களுடன் கூடிய மூப்பு வேண்டும்’ என்று எழுதப்படும் மனு, நிலுவைக்கு இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காக முழுவதுமாக நிராகரிக்கப்படுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆகவே மூன்றையும் தனித்தனிப் பத்திகளில், ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தோடு கேளுங்கள்.

தாமதம் யாரால் ஏற்பட்டது என்பது அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுவே. நியமன ஆணையில் குறித்த காலத்துக்குள் சேராமல், மேற்படிப்புக்காகவோ சொந்தக் காரணத்துக்காகவோ நீங்களே அவகாசம் கேட்டுத் தாமதித்திருந்தால், அவகாசம் தந்த ஆணையின் நிபந்தனைகளே உங்களைக் கட்டுப்படுத்தும். மூப்பை இழக்கச் சம்மதம் என்று அதில் எழுதிக் கொடுத்திருந்தால் பிறகு மீட்பது அரிது. தாமதம் தேர்வு அமைப்பின் தவறாலோ துறையின் சுணக்கத்தாலோ ஏற்பட்டிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு.

கேரளத்தில் மாவட்ட நீதிபதி பதவிக்கான தேர்வில், மதிப்பெண் வழங்கிய முறையில் இருந்த பிழையால் ஒருவருக்கு உரிய நேரத்தில் நியமனம் கிடைக்கவில்லை. அவர் பின்னர் நியமிக்கப்பட்டபோது, தர வரிசையில் தமக்குக் கீழே இருந்தவர்கள் சேர்ந்த நாளிலிருந்தே மூப்பு வேண்டும் என்று கேட்டார். சி. ஜெயச்சந்திரன் வழக்கு என்று அறியப்படும் அதில், 2020-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்றுக் கருத்தியலான மூப்பை வழங்கியது. பல்வந்த் சிங் நர்வால் வழக்கில், ஹரியானாவில் தேர்வு முடிந்தும் நீதிமன்ற வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் நியமனம் தள்ளிப்போனவர்களுக்கு, அதே தேர்வில் முன்னரே நியமனம் பெற்றவரோடு இணைத்து மூப்பு வழங்கியதை 2008-இல் அதே நீதிமன்றம் சரியென்றது. உங்கள் தவறு அல்லாத ஒன்றுக்காக உங்களைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்பதே இரண்டின் சாரம். எனவே தாமதத்துக்கான காரணத்தைக் காட்டும் ஒவ்வொரு கடிதத்தையும், ஒவ்வொரு உறையையும்கூட, பாதுகாத்து வையுங்கள்.

அப்படியானால், ‘பணியில் இல்லாத நாளுக்கு மூப்பு கிடையாது’ என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதாமே?

ஆம், சொல்லியிருக்கிறது. மணிப்பூர் காவல் அலுவலர்கள் தொடர்பான கே. மேகசந்திர சிங் வழக்கில், காலியிடம் தோன்றிய ஆண்டை வைத்து மூப்புக் கேட்க முடியாது என்றும், ஒருவர் பணித் தொகுதிக்குள் வருவதற்கு முந்தைய காலத்துக்கு மூப்பு வழங்க முடியாது என்றும் 2019-இல் தீர்ப்பளித்தது. துறையினர் உங்கள் மனுவை மறுக்கும்போது பெரும்பாலும் இதையே சுட்டுவார்கள்.

இந்தத் தீர்ப்புக்கும் முந்தைய பதிலில் சொன்ன தீர்ப்புகளுக்கும் முரண்பாடு இல்லை. ஒரு தேர்வே முழுமையாகத் தாமதமாகி, அதில் வென்ற அனைவரும் தாமதமாகச் சேர்ந்தால், இடையில் பதவி உயர்வு மூலம் வந்தவர்களுக்கு மேலே போக வேண்டும் என்று அவர்கள் கேட்க முடியாது. ஆனால் ஒரு தேர்வில் வென்றவர்களுள் சிலருக்கு ஆணை கொடுத்து, தரத்தில் அவர்களுக்கு மேலே இருந்த ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்தால், அவர் தம்மோடு தேர்வானவர்களுக்கு இணையான இடத்தையே கேட்கிறார். முந்தைய பதிலில் சொன்ன வழக்குகள் இந்த இரண்டாவது வகை. மனு எழுதும் முன் நீங்கள் எந்த வகை என்பதை முடிவு செய்யுங்கள். எதிர்வாதம் எங்கிருந்து வரும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மூப்பைத் தர வரிசைப்படி வைப்பதா, இனச்சுழற்சி வரிசைப்படி வைப்பதா? எங்கள் அலுவலகத்தில் இரண்டு பட்டியல் இருக்கிறது.

இனச்சுழற்சி என்பது எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பதை உறுதிசெய்யும் முறை. மூப்பைத் தீர்மானிக்கும் முறை அன்று என்று பிம்லேஷ் தன்வார் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சுழற்சி வரிசையை ஒட்டிய மூப்பைக் காக்க முயன்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது; 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே இன்று எடுத்துக்கொள்ள வேண்டியது தர வரிசை. பழைய சுழற்சிப் பட்டியலைக் காட்டி உங்கள் இடத்தைக் குறைத்திருந்தால் அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பன்னிரண்டு நாள்தான் தாமதம். அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாளில் வழங்கப்படுகிறது. ஓராண்டு நிறையும் காலாண்டின் தொடக்க நாளே கணக்கு. மார்ச் 24-இல் சேர்ந்த இளநிலை உதவியாளருக்கு அடுத்த ஜனவரி 1-இல் உயர்வு. ஏப்ரல் 5-இல் சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் 1-இல்தான். பன்னிரண்டு நாள் வேறுபாடு மூன்று மாத வேறுபாடாகிவிடுகிறது.

ஊதிய நிலை 8-இல் 19,500 ரூபாயில் தொடங்குகிறவருக்கு முதல் உயர்வுக்குப் பின் 20,100 ரூபாய். மூன்று மாதத்துக்கு மாதம் 600 ரூபாயும் அதன்மீதான அகவிலைப்படியும் குறைகின்றன. ஒரே ஆண்டில் இது சிறிய தொகைதான். ஆனால் பணிக்காலம் முழுவதும் ஒவ்வோர் ஆண்டும் இதே மூன்று மாதம் வளர்ந்துகொண்டேபோகும் தொகையோடு திரும்ப வரும். பத்தாண்டில் தேர்வு நிலை, இருபதாண்டில் சிறப்பு நிலை என்று அதே பதவியிலேயே கிடைக்கும் கூடுதல் ஊதிய நிலைகளையும் பின்னுக்குத் தள்ளும்.

‘சம வேலைக்குச் சம ஊதியம்’ அரசமைப்பிலேயே இருக்கிறதே. அதைச் சொல்லி இந்த வேறுபாட்டைக் கேட்கலாமா?

அரசமைப்பின் 39(ஈ) உறுப்பு அதை நெறியாகக் கூறுகிறது. ரந்தீர் சிங் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அதை 14, 16 ஆகிய உறுப்புகளோடு சேர்த்துப் படித்து, நடைமுறைப்படுத்தத்தக்க உரிமையாக்கியது. 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளர்களுக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தின் தொடக்கத் தொகையாவது தரப்பட வேண்டும் என்றது.

ஆனால் இந்தக் கோட்பாடு ஊதிய விகிதத்தைப் பற்றியது. ஒரே விகிதத்தில் இருக்கும் இருவருக்குள், சேர்ந்த நாள் வேறுபட்டதால் வரும் ஊதிய உயர்வு வேறுபாட்டை இது சரிசெய்யாது. முப்பது ஆண்டு பணியாற்றியவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே பதவியில் வெவ்வேறு ஊதியம் பெறுவதைச் சட்டம் தவறென்று சொல்வதில்லை. எனவே தாமத நியமனத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது இந்தக் கோட்பாடு அல்ல. மூன்றாம் கேள்வியில் சொன்ன கருத்தியல் நியமனமே.

நான் இடைநிலை ஆசிரியர். 2009 ஜூனுக்குப் பிறகு சேர்ந்ததால் அடிப்படை ஊதியமே குறைந்துவிட்டது. இதுவும் தாமத நியமனப் பிரச்சினைதானே?

பாதி ஆம். 2009 மே 31 வரை நியமிக்கப்பட்டவர்களுக்கு, பழைய விகிதத்தின் தொடக்கமான 4,500 ரூபாயை 1.86 ஆல் பெருக்கி 8,370 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. ஜூன் 1-இலிருந்து சேர்ந்தவர்கள் 5,200 ரூபாயில் தொடங்கினார்கள். தர ஊதியம் இருவருக்கும் ஒன்றே. ஒரே கல்வித் தகுதி, ஒரே வகுப்பறை, ஒரே பாடநூல் என்றிருக்க, ஒரு நாள் இடைவெளியில் 3,170 ரூபாய் வேறுபாடு. இதை எதிர்த்து 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; 2023 ஜனவரியில் மூவர் குழு அறிவிக்கப்பட்டது. அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது என்பது என் உறுதியான கருத்து. எனினும் அது ஊதிய ஆணையையே மாற்றக் கோருவது. அரசின் கொள்கை முடிவாகவே தீர வேண்டும்.

உங்கள் தனிப்பட்ட நிலை வேறாக இருக்கலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் உங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் மே மாதத்துக்குள் நியமிக்கப்பட்டு, துறையின் தவறால் நீங்கள் மட்டும் ஜூனுக்குத் தள்ளப்பட்டிருந்தால், அது மூன்றாம் கேள்வியின் கீழ் வரும். அப்படிப்பட்டவர்கள் பொதுக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்து தம் தனி உரிமையைக் காலம் கடக்கவிடக் கூடாது.

வேலை செய்யத் தயாராகத்தானே இருந்தேன்? அரசு தடுத்த காலத்துக்குச் சம்பளம் தர மாட்டேன் என்பது எப்படி நியாயம்?

உங்கள் கேள்வியில் உள்ள நியாயத்தை உச்ச நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. ஜானகிராமன் வழக்கில், பணியாற்ற விருப்பத்தோடு இருந்தவரை நிர்வாகமே தடுத்து வைத்துவிட்டு, ‘வேலை இல்லையேல் ஊதியம் இல்லை’ என்று சொல்ல முடியாது என்று 1991-இல் கூறியது. ஆனால் 1989-இல் பலுரு ராமகிருஷ்ணையா வழக்கில் கருத்தியல் பதவி உயர்வுக்கு நிலுவை மறுக்கப்பட்டது. 2007-இல் பாஸ்கரன் பிள்ளை வழக்கில், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது, அந்தந்த வழக்கின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லப்பட்டது.

இவை அனைத்தும் ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் பதவி உயர்வு குறித்தவை என்பதைக் கவனியுங்கள். முதல் நியமனமே தாமதமான இடங்களில் நீதிமன்றங்கள் பொதுவாகக் கருத்தியல் பலனோடு நிறுத்திக்கொள்கின்றன. வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தால் நிலுவையையும் கேளுங்கள். இல்லையென்றால், சேர்ந்த நாளிலிருந்தாவது உயர்த்தப்பட்ட ஊதியத்தின் வேறுபாட்டைப் பணமாகத் தர வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள்.

என் தோழிக்கு ஏற்காட்டில் பணி, எனக்குச் சேலத்தில். ஒரே நாளில் சேர்ந்தும் அவருக்குச் சம்பளம் கூடுதல். இது முரண்பாடா?

இல்லை. மலைப்படியும் குளிர்காலப்படியும் பணியிடத்தைச் சார்ந்தவை. அவர் மலையிறங்கி மாறுதலில் வந்தால் அவை நின்றுவிடும். ஒப்பிட வேண்டியது அடிப்படை ஊதியத்தை மட்டுமே. கருத்தியல் காலத்துக்கும் இந்தப் படிகளைக் கோர முடியாது.

பவானிசாகரில் நடக்கும் அரசு ஊழியர் அடிப்படைப் பயிற்சிக்கு என்னைத் தாமதமாக அனுப்பினார்கள். தகுதிகாண் பருவம் முடிந்ததாக ஆணை வரவும் தாமதம். மூப்புப் போய்விடுமா?

போகாது. நேரடி நியமன அலுவலர்கள் வழக்கில் 1990-இல் ஐவர் அமர்வு, விதிப்படி நியமிக்கப்பட்டவரின் மூப்பு பணி உறுதிசெய்யப்பட்ட நாளைச் சார்ந்ததல்ல என்று தீர்ப்பளித்தது. ஆனால் பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியலில் இடம்பெற, தகுதி நாளன்று துறைத் தேர்வுகளும் குறைந்தபட்சப் பணிக்காலமும் முடிந்திருக்க வேண்டும். மூப்பு இருந்தும் தகுதி இல்லாததால் அந்த ஆண்டுப் பட்டியலில் விடுபடுகிறவர்கள் பலர். துறைத் தேர்வுகளைச் சேர்ந்த உடனே எழுதி முடியுங்கள். கருத்தியல் நியமனம் கேட்கும்போது, அந்தக் காலம் பதவி உயர்வுக்கான பணிக்காலமாகவும் கருதப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ஆணையில் அந்த வரி இல்லாவிட்டால் பின்னர் அதற்கே இன்னொரு வழக்கு நடத்த வேண்டிவரும்.

அப்பா இறந்து ஒன்பது ஆண்டு கழித்துத்தான் கருணை அடிப்படையில் வேலை தந்தார்கள். மனு கொடுத்த நாளிலிருந்து மூப்பு கேட்கலாமா?

உங்கள் குடும்பம் அந்த ஒன்பது ஆண்டுகளில் பட்ட துன்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சட்டம் இங்கே உங்கள் பக்கம் இல்லை. கருணை நியமனத்தில் தர வரிசையோ உடன் தேர்வானவரோ இல்லாததால் ஒப்பிட ஆள் இல்லை. 2021-இல் அர்பிந்த் ஜி வழக்கில், தந்தை இறந்ததை ஒட்டி வேலை கேட்டுப் பத்தாண்டுக்கும் மேல் கழித்து நியமனம் பெற்ற ஒருவர், முந்தைய ஆண்டிலிருந்து மூப்பு கேட்டதை உச்ச நீதிமன்றம் மறுத்தது.

நாமக்கல்லில் சேர்ந்து, ஒருவழி மாறுதலில் சேலத்துக்கு வந்தேன். பழைய மூப்பு தொடருமா?

மாவட்டம் ஓர் அலகாக உள்ள துறைகளில் தொடராது. சொந்த விருப்பத்தில் அலகு மாறுகிறவர் புதிய அலகில் கடைசி இடத்துக்குச் செல்கிறார். அடிப்படை ஊதியம் மட்டும் குறையாது. மாறுதல் கேட்கும் முன் சேலத்தின் முதுநிலைப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேர்வு அறிவிக்கை 2002-இல் வந்தது; ஆணை 2003 ஜூலையில். பழைய ஓய்வூதியம் கிடைக்குமா?

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். மத்திய அரசு தன் ஊழியர்களுள், 2004 ஜனவரி 1-க்கு முன் தேர்வு முடிவு வெளியானவர்களுக்கு 2020 பிப்ரவரி ஆணையாலும், புதிய திட்டம் அறிவிக்கப்படும் முன் விளம்பரம் செய்யப்பட்ட பதவிகளுக்குத் தேர்வானவர்களுக்கு 2023 மார்ச் ஆணையாலும், பழைய திட்டத்தைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளித்தது. அந்த ஆணைகள் மாநில ஊழியர்களைத் தாமாகக் கட்டுப்படுத்தா. எனினும் உங்கள் மனுவில் முன்மாதிரியாகக் காட்டத்தக்கவை. அதே தேர்வில் மார்ச் 31-க்குள் சேர்ந்த ஒருவராவது இருந்தால் உங்கள் நிலை மேலும் வலுவாகும்.

இதையெல்லாம் எத்தனை ஆண்டு கழித்தும் கேட்கலாமா?

கேட்க முடியாது. மேலே கூறிய 35-ஆம் விதி, மூப்பைத் திருத்தக் கோரும் மனுவை மூன்று ஆண்டுக்குள் தர வேண்டும் என்றது. நீதிமன்றம் இன்னும் கண்டிப்பானது: தமிழ்நாட்டிலிருந்து சென்ற சதாசிவசுவாமி வழக்கிலேயே, இளையவருக்குப் பதவி உயர்வு தரப்பட்டால் ஆறு மாதத்துக்குள், மிஞ்சினால் ஓராண்டுக்குள் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

ஊதியத்துக்கு மட்டும் சற்று இடம் உண்டு. தவறான ஊதிய நிர்ணயம் மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் தாமதமாகவும் கேட்கலாம், ஆனால் நிலுவை மூன்று ஆண்டுக்குள் அடங்கும் என்று 2008-இல் தர்செம் சிங் வழக்கு வகுத்தது. மூப்பு பிறரைப் பாதிப்பதால் அதற்கு இந்தச் சலுகை இல்லை. பழைய கோரிக்கைக்குப் புதிதாக ஒரு மனு போட்டு, அதற்கு வந்த பதிலை வைத்துக் காலக்கெடுவைப் புதுப்பிக்கவும் முடியாது, சி. ஜேக்கப் என்ற இன்னொரு தமிழ்நாட்டு வழக்கு அந்த வழியை அடைத்துவிட்டது.

மனுவை யாரிடம் கொடுப்பது? அதற்கு முன் என்ன சேர்க்க வேண்டும்?

நியமன அலுவலரிடம், உரிய வழியாக, ஒப்புகையோடு கொடுங்கள். தர வரிசைப் பட்டியலின் நகல், உங்களுக்குக் கீழே உள்ள ஒருவரின் நியமன ஆணை நாள், தாமதத்துக்கான காரணக் கடிதங்கள் ஆகியவை இல்லாமல் மனு நிற்காது. கையில் இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனு மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. சேலம் மாவட்டத்தார் சென்னையில் உள்ள முதன்மை அமர்வுக்கே செல்ல வேண்டும்.

என் உடன் தேர்வானவர் வழக்குப் போட்டு வென்றுவிட்டார். எனக்கும் அதே ஆணையைத் தருவார்களா?

ஒரே நிலையில் உள்ளவர்களுக்கு ஒரே பலனைத் தர வேண்டும் என்பதே பொது நெறி. ஆனால் அரவிந்த் குமார் ஸ்ரீவஸ்தவா வழக்கில், உரிய காலத்தில் கேட்காமல் இருந்துவிட்டு, பிறர் வென்றபின் விழித்துக்கொண்டவர்கள் அந்தப் பலனை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆகவே நண்பரின் வழக்கு நடக்கும்போதே உங்கள் மனு துறையில் பதிவாகியிருக்க வேண்டும்.

நான் வென்றால், எனக்கு முன் பதவி உயர்வு பெற்ற இளையவர் கீழே இறக்கப்படுவாரா? அவர் என் நண்பர்.

பெரும்பாலும் இறக்கப்பட மாட்டார். அவர் தவறு செய்யவில்லை. பதவி உயர்வு அவருக்கு அன்றைய பட்டியலின்படியே கிடைத்தது. பதவி இருப்பில் இருந்தால் உங்களை அவருக்கு மேலே வைத்து, அவர் உயர்வு பெற்ற நாளிலிருந்து உங்களுக்கும் கருத்தியலாக உயர்வு தருவதே வழக்கமான தீர்வு. ஆனாலும் அவருடைய இடம் மாறுவதால், அவரையும் உங்களைவிட மேலே காட்டப்பட்ட மற்றவர்களையும் வழக்கில் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தாக வேண்டும். பாதிக்கப்படுகிறவரைக் கேட்காமல் பெற்ற ஆணை மேல்முறையீட்டில் நிற்காது. அறிவிப்பு அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே, எதற்காக அவருடைய பெயரைச் சேர்க்கிறீர்கள் என்பதை நேரில் சொல்லிவிடுங்கள்.